மேசை இல்லாத ஊர்

"ஒரு சிறிய நாட்டுக்குள் இத்தனை வகை மக்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எங்கள் வாசகர்களுக்கு ஒரு பக்கத்தில் சொல்ல முடியுமா?"

2009 மார்ச் முதல் வாரத் திகதியிட்டு, டென்மார்க்கில் இக்காஸ்டுக்கு அருகேயுள்ள ஒரு நூலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் இரண்டாவது பந்தி இது. மூலம் டெனிஷ், தமிழாக்கம் என்னுடையது. கோடை விடுமுறை முடிந்ததும் நூலக முன்கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்க இருந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தட்டி. இலங்கைத் தட்டிக்கு எழுதுவதற்கு, அங்கே அடிக்கடி புத்தகம் எடுக்கும் இலங்கையன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்தார்கள். நூலகரைக் குறை சொல்ல முடியாது. அவர் அந்தக் கேள்வியை எழுதிய வாரத்தில், போரின் கடைசிக் கட்டத்தில், புதுக்குடியிருப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது டெனிஷ் தொலைக்காட்சியில் சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை.

தொழிற்சாலையில் எனக்கு அப்போது காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் இருந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர், வேடர். எஸ்பியர்க்கில் டெனிஷ்காரரை மணந்து வாழ்ந்த, பழைய ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்து, அவர்களைப் பற்றி என்ன எழுதலாம் என்று கேட்டேன். "மூன்று வரி போதும். நாங்கள் மிச்சம் இருக்கிறதே அவ்வளவுதான்" என்று சிரித்தார். மலையகத் தமிழரைத் தனிப் பந்தியாக எழுதினேன். வெள்ளைக்காரரின் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், நாடு சுதந்திரம் பெற்ற கையோடு குடியுரிமை இழந்தவர்கள், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பகுதியினர் வடக்கே வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறினார்கள் என்று.

எங்கள் நகரத்தில் தமிழர் சார்பாக எது எழுதப்பட்டாலும் ஒருவர் பார்த்த பிறகே வெளியே போகும் என்பது எழுதாத விதி. அவர் தன் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குபவர். எல்லாரும் அவரைச் செயலாளர் என்றே சொல்வோம். பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குசினிக்குள் பெண்கள், போரை நிறுத்தக் கேட்டு மறுநாள் நடக்கவிருந்த கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போகிறவர்களுக்காக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, இதென்ன இத்தினை சாதிச் சனம்! டெனிஷ்காரன் வாசிச்சிட்டுத் தலையைப் பிச்சுக்கொள்ளப் போறான்."

"உள்ளதைத்தானே எழுதினனான்."

"உள்ளதெல்லாம் எழுதிறதே? மலைநாட்டுச் சனம் வேற, நாங்கள் வேற எண்டு எழுதினா, அரசாங்கம் செய்யிற பிரிப்பை நீங்கள் செய்து குடுக்கிறியள். தமிழர் எண்டாத் தமிழர். ஒரே சனம்."

பேனாவை எடுத்து அந்தப் பந்தியைக் குறுக்கே வெட்டினார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்ற வரியையும் வெட்டினார். "உது இப்ப வேண்டாம்." வேடரைப் பற்றிய பந்தியில் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அதுகள் பாவம், இருக்கட்டும்" என்றார்.

அந்நேரம் ரொட்டித் தட்டோடு வந்து நின்றவரை எங்கள் நகரத்தில் அறியாதவர் இல்லை. செயலாளரின் ஊரைச் சேர்ந்த ஒருவரை மணந்து, எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்தவர். கணவர் மாரடைப்பில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆடைக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கும் வேலை. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், செயலாளரும் அப்படித்தான். கணவர் ஊர்தான் அக்காவின் ஊரும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவர்கள் இருவருமே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. தமிழர் ஒண்டோ ரெண்டோ?" என்றார் செயலாளர்.

"ஓம், ஒண்டுதானே. வேற என்ன?" என்றார் அக்கா. தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் திரும்பிப் போனார்.

அக்காவின் தம்பி வன்னியில் இருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு மகள்மார். கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்த ஜனவரியில் ஒருமுறை தொலைபேசி எடுத்து, பிள்ளைகளோடு கிழக்கே நடக்கிறேன் என்று சொன்னாராம். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. போர் முடிந்த செய்தி வந்த மே பதினெட்டாம் திகதி, திங்கட்கிழமை, அக்கா வேலைக்குப் போனார். இடைவேளையில் மற்றத் தமிழ்ப் பெண்கள் அழுதபோது இவர் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றார் என்று அவர்களில் ஒருத்தி பிறகு என் மனைவிக்குச் சொன்னாள். அதையும் ஒரு குற்றமாகத்தான் சொன்னாள்.

மே மாதத்துக் கடைசி ஞாயிறு, பள்ளிக்கூடம் ஒன்றின் உணவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் செயலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். வவுனியாவுக்கு அப்பால் முட்கம்பி முகாம்களுக்குள் அடைக்கப்பட்ட சனத்துக்குள் அவரவர் உறவினரைத் தேடுவதற்கான ஏற்பாடு அது. செயலாளரின் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வவுனியாவில் இருந்தார். அவர் பஸ்ஸில் முகாம்வரை போய், கம்பிக்கு வெளியே நின்று பெயர்களைக் கூப்பிடுவார். உள்ளே நிற்பவர்கள் கேட்டு, ஆளை ஆள் தேடிக் கூட்டிவருவார்கள்.

ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அதனால் ஊர் வாரியாகப் பெயர் எடுத்து, ஊரையும் சேர்த்துக் கூப்பிடுவது என்று முடிவு. கம்பிக்கு வருகிறவரிடம் முதலில், "எந்த ஊர்? ஆற்றை மகன்?" என்று ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்க வேண்டும். அது பொருந்தினால் மட்டுமே வெளிநாட்டில் இன்னார் தேடுகிறார் என்று சொல்ல வேண்டும். சுற்றிவர இராணுவத்தின் காதுகள் இருந்த இடம் அது. தவறான ஆளுக்குச் சொன்னால் அவருக்கும் ஆபத்து, தேடப்படுபவருக்கும் ஆபத்து. யோசித்துச் செய்த முறைதான். யாழ்ப்பாணத்தாருக்கு அதைவிட இயல்பான முறை வேறு இருக்கவும் முடியாது. ஒருவனைக் கண்டால் நாங்கள் முதலில் கேட்பது ஊரைத்தானே.

பிள்ளைகள் சாப்பிடும் நீள மேசைகளில் ஊர்ப் பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. வடமராட்சி ஊர்கள் யன்னல் பக்கம், தீவுப்பகுதி வாசல் பக்கம். அவரவர் போய் அவரவர் மேசையில் நின்றார்கள். வன்னிக்கென்றும் ஒரு மேசை இருந்தது. அக்கா முதலில் அங்கேதான் போனார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வன்னி மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "இது வன்னியின்ர பழைய குடிகளுக்கு மட்டும். வந்து குடியேறின ஆக்கள் எல்லாம் அவரவர் சொந்த ஊர் மேசைக்குப் போங்கோ."

அக்கா கூடத்தின் நடுவில் கொஞ்சநேரம் நின்றார். ஹோர்சன்ஸில் தாதியாகப் படித்துக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் நின்று, டெனிஷில், "அம்மா, அப்பாவின் ஊர் மேசை அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்த மேசையில் செயலாளர் இல்லை. அவர் மண்டபத்துக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். இங்கேயே வளர்ந்த ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா தம்பியின் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார். ஊர் என்ற இடத்தில் அந்தப் பெண் கேட்காமலே தங்கள் ஊரை எழுதிக்கொண்டாள். அக்கா மறுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஜூன் நடுவில், அதே கூடத்தில் பதில்கள் வாசிக்கப்பட்டன. சிலர் கிடைத்திருந்தார்கள். சிலர் கிடைக்கவில்லை. செயலாளரின் மூத்த சகோதரியின் மகன் இறந்துவிட்டது அந்த வாரம்தான் உறுதியானது. அவர் சவரம் செய்யாமல் வந்திருந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவர் பேசியதை இதற்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதைச் சொல்வதால் அவர் பேசியது குறைந்துவிடாது.

தன் ஊரின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தவர் ஒரு பெயரில் நின்றார்.

"அக்கா, நீங்கள் தந்த பேர். எங்கடை ஊரில உந்தத் தகப்பன் பேரோட ஒருத்தரும் இல்லை எண்டு மறுமொழி வந்திருக்கு. நானும் யோசிச்சுப் பாத்தனான். வடக்கு வீதியிலயும் இல்லை, கோயிலடியிலயும் இல்லை. ஆர் உவர்?"

"என்ரை தம்பி."

"கூடப் பிறந்ததோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஆற்றை மகள்? எந்த வளவு?"

பின்வரிசையில் ஒரு பெண், மெதுவாகச் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அவவின்ர மனிசன்ர ஆக்கள் ஒருத்தரும் ஏன் கலியாணத்துக்கு வரேல்லை எண்டு இப்பத்தானே விளங்குது."

"எந்த இடம் அக்கா? பயப்பிடாமல் சொல்லுங்கோ. சொன்னாத்தானே தேடலாம்" என்றார் செயலாளர். அந்தக் குரலில் அப்போது கனிவு இருந்ததுபோலத்தான் இருந்தது. அக்கா அதை நம்பினார் என்று நினைக்கிறேன்.

"பதுளைப் பக்கம்ங்க" என்றார். இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக எங்களோடு எங்களைப்போலவே கதைத்தவரின் வாயிலிருந்து அப்போது வேறு தமிழ் வந்தது. "தோட்டத்துல பொறந்தோம். எழுபத்தேழுல நாங்க குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வச்சாங்க. எங்கப்பா எங்களைக் கூட்டிக்கிட்டு கிளிநொச்சிப் பக்கம் வந்துட்டாரு. அவரு அங்க அரிசி மில்லுல வேலை பாத்தாரு. அங்கதான் கட்டிக்கிட்டோம்."

அவரு என்று சொன்னது கணவரை.

கூடத்தில் தலைகள் எல்லாம் அக்காவின் பக்கம் திரும்பின. பிறகு ஒருவன், இந்தியாவிலிருந்து வந்தவர்களை எங்கள் பக்கம் இழிவாகச் சொல்லும் சொல்லைச் சொல்லிச் சிரித்தான். "வடக்கத்தியாள்! செயலாளர், உங்கடை ஊருக்குத் தேயிலையும் வந்திட்டுது."

"அதுதானே பாத்தன், ரொட்டி இவ்வளவு நல்லாச் சுடுறா எண்டு. தோட்டத்து ரொட்டி."

"தின்னேக்க தெரியேல்லையோ உனக்கு?"

"தெரிஞ்சிருந்தாத் தின்னுவனே?"

அழுது வீங்கிய முகங்களோடு இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். ஒரு மாதமாக யாரும் சிரித்திருக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துவது: அந்தக் கூடத்துக்கு அன்று அந்தச் சிரிப்பு ஒரு ஆறுதலாக இருந்தது.

மகள் டெனிஷில், "அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்? தோட்டம் என்றால் என்ன பிழை?" என்று தாயைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும், தாய் எங்கே பிறந்தவர் என்று.

அக்கா செயலாளரின் மேசைக்குக் கிட்டப் போனார். "உண்மையச் சொல்லிட்டேங்க. ஊரை மாத்தி எழுதி அனுப்புங்க. பேரு சரிதான். ஊருதான் பிழை."

"எந்த மேசையில எழுதிறது, சொல்லுங்கோ? உங்களுக்கு மேசை இல்லையே." தாளை மடித்தார். "எங்கடை ஊர்ப் பேரைச் சொல்லிப் பொய்யை அனுப்பிப்போட்டியள். அந்த மனிசன் வெய்யிலுக்க நிண்டு, இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கு. எங்கடை சொந்தப் பிள்ளையளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில. உங்கடை ஆக்களைத் தேட உங்கடை ஆக்கள் இருப்பினம்."

"தமிழர் எண்டாத் தமிழர், ஒரே சனம் எண்டு மார்ச்சில சொன்னியளே, தம்பி" என்றேன் நான்.

"அது டெனிஷ்காரனுக்கு அண்ணை" என்றார் செயலாளர், கோபமே இல்லாமல்.

அவர் கொடுக்காத, வவுனியா எழுதுவினைஞரின் தொலைபேசி இலக்கத்தை வேறு மேசைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். அடுத்த நாள் வேலை முடிந்ததும் அக்காவின் வீட்டுக்குப் போய், குசினி மேசையில் தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து அழைத்தேன். அக்காவும் மகளும் எதிரே இருந்தார்கள். எடுத்தவர் களைத்துப்போயிருந்தார். பெயரைச் சொன்னேன். ஊர் பிழையாக எழுதப்பட்டுவிட்டது, பதுளையில் பிறந்து கிளிநொச்சிப் பக்கம் இருந்த குடும்பம் என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"இதை முதலே சொல்லியிருக்க வேணும்."

"ஓம், ஐயா. இப்ப சொல்லுறம்."

"இல்லை, நீங்கள் விளங்கிக்கொள்ளேல்லை. நான் கூப்பிடேக்க ஒருத்தர் கம்பிக்கு வந்தவர். மெலிஞ்ச ஆள். எந்த ஊர் எண்டு கேட்டன். கிளிநொச்சி எண்டார். சொந்த ஊர் எது எண்டன். அவர், 'பேரு என்னோடதுதாங்க, ஊருதான் நீங்க சொல்றது இல்ல' எண்டார். அப்ப நீர் இல்லை, போம் எண்டு அனுப்பிப்போட்டன். ஆர் தேடுகினம் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டார். சொல்லக்கூடாது எண்டுதானே எனக்குச் சொன்னது."

அக்கா தொலைபேசியை நோக்கிக் குனிந்தார். "புள்ளைங்க கூட நின்னுச்சுங்களா?"

"ஆர் கதைக்கிறது?"

"அக்காங்க. அவனோட அக்கா."

"பிள்ளையளை நான் கவனிக்கேல்லை, அம்மா. அண்டைக்கு எங்கடை ஊர்ப் பேர் மட்டுமில்லை, வேற ஊர்ப் பேர்களும் கூப்பிட்டனான். 'பேர் என்ரை, ஊர் இல்லை' எண்டு ரெண்டு மூண்டு பேர் வந்தவை. அந்த மெலிஞ்ச ஆள் வந்தது உங்கடை தம்பியின்ர பேருக்கோ வேற பேருக்கோ எண்டு என்னால இப்பச் சத்தியம் பண்ணேலாது."

அந்த வாரமே அவர் மறுபடி போனார். அந்த மட்டில் நல்ல மனிதர். பெயரை ஊரில்லாமல் கூப்பிட்டாராம். அந்தப் பகுதிச் சனத்தில் ஒரு தொகுதியை அதற்கிடையில் பஸ்களில் ஏற்றி வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் கம்பிக்கு வரவில்லை.

செப்டெம்பரில் நூலகத் தட்டி வைக்கப்பட்டது. வெட்டிய பந்தியைத் திரும்பச் சேர்த்துத்தான் நான் அனுப்பியிருந்தேன். இடம் போதாததால் நூலகர் தானாகவே சுருக்கிவிட்டார். சுருக்கியதில் போனது வேடரும் பறங்கியரும். செயலாளர் வந்து தட்டியை வாசித்தார். என்னோடு அதன் பிறகு ஒரு வருடம் கதைக்கவில்லை. ரொட்டிக்கு வேறு ஆள் பிடித்தார்கள். செயலாளரின் ஊர்ச் சங்கம் அனுப்பும் பொங்கல் அழைப்பு அக்காவின் வீட்டுக்கு வருவது நின்றது. மகள் அந்த அழைப்பு வராததைக் கவனிக்கவே இல்லை, தாய் கவனித்தார். அடுத்த கோடையில் அவர் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, மகளுக்குக் கிட்டவாக ஹோர்சன்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பதுளை என்று சொல்கிறார். கேட்டவர்கள் அதற்குமேல் கதையை வளர்ப்பதில்லையாம்.

முகாம்கள் திறந்த பிறகு அக்கா ஒருமுறை போய்வந்தார். கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத்தில் தம்பியின் வீட்டுக்குக் கூரை இல்லை. அயலவர் ஒருவர், தம்பியையும் மகள்மாரையும் மே மாதம் முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏறக் கண்டேன் என்றார். இன்னொருவர், அவர்கள் ஏப்ரலிலேயே மாத்தளனில் ஒரு பதுங்குகுழிக்குள் முடிந்துவிட்டார்கள் என்றார். இருவரும் நேரில் கண்டதாகவே சொன்னார்கள்.

வவுனியாக்காரர் காலமாகிவிட்டார். அன்று கம்பிக்கு வந்து, பெயர் தன்னுடையது, ஊர் அதில்லை என்று சொன்ன மெலிந்த மனிதரைப் பற்றி வேறு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அவர் அக்காவின் தம்பிதானா என்பது, இதை எழுதும்வரை, உறுதிப்படுத்தப்படவில்லை.